மரியாதையும் மனமாற்றமும்

எமது கிராமங்களில் ஒரு மனிதரைக் குறைத்துப் பேசுவதற்கு அதிகம் சொற்கள் தேவையில்லை. "அவர் முந்தி ஒன்று சொன்னார், இப்ப வேறொன்று சொல்றார்" என்றால் போதும். சந்தியில் நிற்பவர்கள் தலையாட்டி விடுவார்கள். அவர் முன்னர் என்ன சொன்னார், இப்போது என்ன சொல்கிறார், இடையில் எதைப் படித்தார், யாரைச் சந்தித்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. மாறியதே குற்றமாகி விடுகிறது. அவர் விட்டு விலகியது தாம் போற்றி வந்த ஓர் ஆலிமின் அல்லது ஒரு பேராசிரியரின் கருத்தாக இருந்துவிட்டால் குற்றம் இரட்டிப்பாகும். உஸ்தாதுக்கே துரோகம் செய்தவர் என்ற பட்டமும் வந்து சேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனம் மாறிய இளைஞர் சிலர், நேற்றுவரை முஸாபஹா செய்து முத்தமிட்ட கரத்துக்குரியவரை இன்று ஒன்றுமறியாதவர் என்று ஏசுகின்றனர். அவரிடம் ஓதிய காலத்தையே வீணாய்ப் போன காலமாகக் கணக்கெழுதி விடுகின்றனர். இதனால் ஒரே வீட்டில் மூத்தாப்பாவும் பேரனும் ஸலாம் சொல்லிக் கொள்ளாத நிலையை நாம் பார்த்திருக்கிறோம். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் வெறுத்தாலும் ஒரு விடயத்தில் மாத்திரம் உடன்படுகின்றனர். ஒருவரை வியப்பதும் அவரது கருத்தை ஏற்பதும் ஒன்றே, ஒன்று போனால் மற்றதும் போயாக வேண்டும் என்பதே அது. இந்த நம்பிக்கை சரிதானா என்று சற்று யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தமிழறிஞரை எடுத்துக்கொள்கிறேன். மார்க்க அறிஞர்களிடம் பின்னர் வருவேன்.

உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) தமது முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அன்னாரின் மறைவுக்குப் பின்னர், 1950இல், நூலாயிற்று. எம்மவர்களுள் பலர் அதனை ஏடு தேடிய கதையாகவே அறிந்து வைத்திருக்கின்றனர். ஏடு தேடும் கதை அதில் இருக்கிறது, உண்மைதான். ஆயினும், ஒரு மொழியறிஞர் தமது மனம் எவ்வாறு திரும்பியது என்பதைத் தாமே உட்கார்ந்து நிதானமாகச் சொல்லும் நூல் என்ற வகையிலேயே அது என்னைக் கவர்ந்தது.

சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876இல் பிள்ளையவர்கள் காலமாகும் வரை அவருடனேயே இருந்தார். பிள்ளையவர்கள் சாதாரண ஆசிரியர் அல்லர். ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வர, தாம் வாயால் செய்யுள்களைப் பொழிந்துகொண்டே போகும் ஆற்றல் படைத்தவர். தலபுராணங்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று அவர் பாடியவை ஏராளம். மாணவருக்கு அவர்தாம் தமிழ். வேங்கடராமன் என்ற பெயரை விடுத்து, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே நிலையான பெயராக்கிக் கொண்டதுகூட ஆசிரியரின் விருப்பத்துக்கிணங்கவே. ஒரு மாணவன் தன் ஆசிரியரிடம் இதற்கு மேலும் எதனை ஒப்படைக்க முடியும்?

ஆசிரியர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1880இல், சாமிநாதையருக்குக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்தார். சாமிநாதையர் அவரைச் சந்திக்கச் சென்றார். யாரிடம் படித்தீர் என்ற கேள்விக்குப் பிள்ளையவர்களின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டால் எவரும் எழுந்து நிற்காத குறையாக மரியாதை செய்வது வழக்கம். முதலியாரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னென்ன படித்தீர் என்று அடுத்த கேள்வி. அந்தாதிகள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அவருக்குத் திருப்தி இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்ற தோரணையில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். இவர் படித்ததில்லை. இவருடைய ஆசிரியரும் படித்ததில்லை.

அந்த இடத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். இருபத்தைந்து வயது இளைஞர். உயிராக நேசித்த ஆசான் மண்ணுக்குள் போய் நான்கே ஆண்டுகள். அந்த ஆசானின் உலகம் முழுவதையும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர், அதுவும் தமிழைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், ஒரே கேள்வியால் சிறிதாக்கிக் காட்டுகிறார். ஆத்திரப்பட்டு எழுந்து வந்திருக்கலாம். எம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்திருப்போம், வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லி ஆறுதலும் தேடியிருப்போம். சாமிநாதையரோ நூல் கிடைத்தால் படிப்பேன் என்றார். சிந்தாமணியின் கைப்பிரதி ஒன்று முதலியாரிடமிருந்து அவர் கைக்கு வந்தது.

படித்துப் பார்த்தால் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், நூலின் சமயக் கருத்துக்கள் இவருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்தன. சைவ மடத்தின் நிழலில் தமிழ் படித்த ஒரு பிராமணர் சமண சமயத்தின் பரிபாஷைகளை எங்கே கேட்டிருப்பார்? அவ்வூரிலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிந்து அவர்களது தெருவுக்குப் போகிறார். போன இடத்தில் வீடு அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. சிந்தாமணியை முறையாகப் படித்து அன்று நிறைவு செய்கிறார்களாம், அதற்காகத்தான் கொண்டாட்டம். கும்பகோணத்துத் தமிழ்ப் பண்டிதர்கள் கண்ணாலும் பார்த்திராத நூல் நாலு தெரு தள்ளி ஒரு வணிகர் வீட்டில் பாராயணத்துக்குரிய நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! அவர்களிடம் மாணவராக உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெளிந்து, ஏழு ஆண்டு உழைப்பின் பின்னர் 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. தமிழ் இலக்கியம் என்றால் எது என்பதில் ஒரு மனிதரின் மனம் மாறியது, பின்னர் ஒரு மொழியைப் பேசுவோர் அனைவரினதும் மனமும் மாறியது.

இனி ஆசிரியர் விடயம். மனம் மாறியபின் சாமிநாதையர் பிள்ளையவர்களை என்ன செய்தார்? பழைய இலக்கியம் அறியாத தலபுராணக்காரர் என்று ஒதுக்கிவிடவில்லை. 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அப்போது எழுத்தாளருக்கு வயது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. சங்க இலக்கியமும் காப்பியங்களும் அவரது மேசையிலிருந்து உலகுக்குப் போய்விட்டன. பிள்ளையவர்களின் புலமைக்கு எல்லை எங்கே இருந்தது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் வேறெவரும் இருந்திருக்க முடியாது. அவ்வாறிருந்தும் அந்நூலில் ஒரு மாணவனின் கண்ணே பேசுகிறது. ஆசிரியரின் கடன் தொல்லையையும் வறுமையையும்கூட அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அந்தப் புகழ்ச்சியை நான் நம்புகிறேன்.

பிள்ளையவர்களின் இளமைக் காலத்துச் செய்தி ஒன்றும் அதில் வருகிறது. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் திருச்சியில் பிச்சையெடுத்துத் திரிந்தார். எவருக்கும் அதனை எளிதில் சொல்லிக் கொடுக்கமாட்டார். பிள்ளையவர்கள் அவர் பின்னால் தெருத்தெருவாக நடந்து, அவருக்கு வேண்டியவற்றைச் செய்து, மனங்குளிரவைத்து அந்த நூலைக் கற்றுக்கொண்டார். இதனை வாசித்தபோதுதான் சமணர் தெருவுக்குப் போன கால்கள் யாரிடம் நடை பழகியவை என்பது எனக்கு விளங்கியது. சிந்தாமணியை ஆசிரியர் கற்பிக்கவில்லை. தெரிந்தவன் எவனாயினும் அவன் வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற குணம் அவரிடமிருந்து வந்தது. மாணவர் விட்டு விலகியது ஆசிரியர் வாழ்ந்த எல்லையை மட்டுமே.

இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப சேர், பிள்ளையவர்கள் அஞ்சு வருஷம் படிச்சுக் கொடுத்ததெல்லாம் வீணா?" நல்ல கேள்வி. யாப்பும் சொல்லும் நினைவாற்றலும் இல்லாமல் சிதைந்த ஏட்டில் விட்டுப்போன எழுத்தை ஊகிக்க முடியுமா என்று பதிலுக்குக் கேட்டேன். அந்தாதிகளையும் கலம்பகங்களையும் ஆயிரக்கணக்கில் மனனம் செய்த காது இல்லாவிட்டால், வெண்பா எங்கே உடைந்திருக்கிறது என்றே தெரியாது. பயனற்றவை என்று முதலியார் கருதிய அதே படிப்புத்தான் முதலியார் கேட்ட நூலைப் பதிப்பிக்கவும் உதவியது.

ஓர் ஆட்சேபம் எழக்கூடும். பிள்ளையவர்கள் இறந்த பின்னர்தானே மனம் மாறியது, உயிரோடிருக்கும் ஆசிரியரின் முகத்துக்கு முன்னால் மாறுவது இவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். சுலபமில்லை. ஆனால் அதற்கும் முன்மாதிரி எம்மிடம் இருக்கிறது, தேடி வெளியே போகத் தேவையில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தம் மாணவர் அபூயூஸுஃபிடம், தம்மிடமிருந்து கேட்கும் அனைத்தையும் எழுதி வைக்க வேண்டாம் என்றும், இன்று கொள்ளும் கருத்தை நாளை தாம் விட்டுவிடக் கூடும் என்றும் சொன்னதாக அறிவிப்பு உண்டு. ஆசிரியரே இவ்வாறு கதவைத் திறந்து வைத்த பின்னர், அபூயூஸுஃபும் முஹம்மத் அஷ்ஷைபானீயும் எத்தனையோ சட்டங்களில் அவருடன் மாறுபட்டதையும், மாறுபட்ட பின்னரும் ஹனஃபீகளாகவே இருந்ததையும் யார் துரோகம் என்பார்?

இலங்கை முஸ்லிம்களாகிய நாம் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். எமது இமாமின் வாழ்க்கை இக்கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஹிஜ்ரி 150இல் பிறந்தார். மொழியறிஞர் என்ற பெயரும் அன்னாருக்கு உண்டு. தூய அரபுக்காக ஹுதைல் கோத்திரத்தாருடன் பாலைவனத்தில் வாழ்ந்து அவர்களது கவிதைகளைக் கற்றார், பெரும் மொழியறிஞரான அஸ்மஈயே ஹுதைல் கவிதைகளை அவரிடம் சரிபார்த்துக் கொண்டார் என்று கூறுவர். இளமையிலேயே முவத்தாவை மனனமிட்டு மதீனாவுக்குப் போய், இமாம் மாலிக் (ரஹ்) ஹிஜ்ரி 179இல் வபாத்தாகும் வரை அவரிடம் கற்றார். தம் ஆசானை அறிஞர்களுக்கிடையே நட்சத்திரமாக மதித்தவர் அவர்.

பின்னர் அதே ஷாஃபிஈ, மாலிக் (ரஹ்) அவர்களுடன் தாம் மாறுபடும் இடங்களைத் தனி நூலாக எழுதினார். அல்உம்மு என்ற பெரும் தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. ஏன் எழுதினார் என்பதற்கு பைஹகீ (ரஹ்) ஒரு காரணத்தைப் பதிவு செய்திருக்கிறார். அந்தலூஸில் மாலிக் (ரஹ்) அவர்களின் தொப்பி ஒன்றை வைத்து மழை வேண்டுகிறார்கள் என்ற செய்தி ஷாஃபிஈயின் காதுக்கு எட்டியது. நபிமொழியை எடுத்துச் சொன்னால், மாலிக் இவ்வாறு சொன்னார் என்று பதில் வந்தது. மாலிக்கும் தவறக் கூடிய மனிதரே என்று சொல்லியாக வேண்டிய கட்டம். ஆனாலும் மனம் இடம் கொடுக்கவில்லை. ஓராண்டு காலம் இஸ்திகாராச் செய்த பின்னரே அதில் இறங்கினார் என்பது அறிவிப்பு. நாமும் பிறருக்கு மறுப்பு எழுதுகிறோம், அச்சகம் திறந்திருந்தால் அன்றிரவே துண்டுப்பிரசுரம் தயாராகிவிடும். அந்த ஓராண்டை நினைத்துப் பார்த்தால் சற்று வெட்கமாக இருக்கிறது.

அவர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. பக்தாதில் கற்பித்த கருத்துக்கள் பலவற்றை, எகிப்துக்குப் போய், ஹிஜ்ரி 204இல் வபாத்தாகும் வரையிலான ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாற்றினார். முன்னையதைக் கதீம் என்றும் பின்னையதை ஜதீத் என்றும் மத்ரசாக்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊர் மாறியது, அதனால் சட்டம் மாறியது என்று இதனைச் சுருக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. புதிதாகக் கேட்ட ஹதீஸ்களும், தம் பழைய நியாயங்களை மறுபடி நிறுத்துப் பார்த்ததும்தான் பெரிய காரணங்களாக இருந்திருக்க வேண்டும்.

இதில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சுவையான விடயம் உண்டு. மஃரிப் தொழுகையின் நேரம் செம்மேகம் மறையும் வரை நீடிக்கிறது என்பது இமாமின் கதீமான கருத்து. ஜதீதின்படி அது மிகக் குறுகியது. வுழூச் செய்து, உடுத்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத் தொழும் அளவுதான். நாம் இன்று எதன்படி நடக்கிறோம்? கதீமின்படி. நவவீ (ரஹ்) போன்ற பிற்கால ஷாஃபிஈ அறிஞர்கள், ஸஹீஹ் முஸ்லிமில் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) வாயிலாக வரும் ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, இமாம் கைவிட்டதையே சரியென்று திரும்ப எடுத்தனர். ஆதாரபூர்வமான ஹதீஸ் இருந்தால் அதுவே தம் வழி என்று கற்பித்தவர் இமாம். அவர் கடைசியாகச் சொன்னதை விட்டு, அவர் கற்பித்த வழியைப் பிடித்துக் கொண்டார்கள். அவ்வாறு செய்தவர்களை ஷாஃபிஈகளல்லர் என்று எவரும் சொன்னதில்லை. கடையைப் பூட்டிவிட்டுச் சற்றுத் தாமதமாகப் பள்ளிக்கு ஓடிவரும் எமது வியாபாரி ஒவ்வொருவரும் இந்த மனமாற்றங்களின் நிழலில்தான் தொழுகிறார். இமாமின் மாணவர் முஸனீ (ரஹ்), ஆசானின் அறிவைச் சுருக்கி எழுதிய முக்தஸரின் தொடக்கத்திலேயே, தம்மையோ பிறரையோ கண்மூடிப் பின்பற்றுவதை அவர் தடுத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்.

மாற்றம் என்றாலே விலகுவதுதான் என்றும் கொள்ளக் கூடாது. அரபு இலக்கண அறிஞர் முபர்ரத் (ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு) தம் இளமையில் ஸீபவைஹியின் 'அல்கிதாப்' நூலில் பிழைகள் கண்டு பட்டியலிட்டு எழுதினார். பிற்காலத்தில் அதனை இளவயதுக் காரியம் என்று கூறி வருந்தி விலகிக் கொண்டதாக இப்னு ஜின்னீ தெரிவிக்கிறார். எம்மத்தியில் கவிதைத் தொகுதி வெளிவந்த மறுவாரமே அதன் ஆசிரியரை இலக்கிய உலகிலிருந்து நாடு கடத்தும் இளம் விமர்சகர்கள் இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தால் நல்லது. அவர்கள் திறமைசாலிகள்தான், முபர்ரதும் திறமைசாலிதான்.

எல்லா மாற்றத்தையும் நான் இங்கு நியாயப்படுத்த வரவில்லை. 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களமும் தமிழும் என்ற தன் நிலைப்பாட்டைத் தேர்தலை முன்னிட்டுச் சில நாட்களில் கைவிட்டு, சிங்களம் மட்டும் என்றது. கட்சி மனம் மாறியது. செனட்டராகவிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் மாறவில்லை, கட்சியை விட்டு வெளியேறினார். அங்கே மாறாமல் நின்றவர்தான் சிந்தித்தவர். ஆகவே மாறினாரா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஒருவரை நிறுக்க முடியாது. மாறுவதற்கு முன் அவர் எதைப் படித்தார், மாறியதால் எதை இழந்தார் என்று கேட்க வேண்டும். சாமிநாதையருக்கு உறக்கமும் கைப்பணமும் போயின. மாலிகீகள் நிறைந்திருந்த எகிப்தில் மாலிக்கை மறுத்து எழுதிய இமாமுக்குப் பகைதான் கூலியாகக் கிடைத்தது. வாக்குக் கிடைக்கும் என்பதற்காக மாறுவதை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை.

எம் இலக்கியத்துக்கு வருகிறேன். சைவ நூல்களிலிருந்து சமண, பௌத்த நூல்களுக்கு நடந்த சாமிநாதையரின் பதிப்புக்களில் இஸ்லாமியத் தமிழ் நூல் எதுவும் இல்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. இதைச் சொல்லிக் குறைபடும் கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் எத்தனை வாசல்களுக்குத்தான் போவார்? எஞ்சிய வாசலுக்கு வேறொருவர் வரவேண்டியிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவிருந்த சுவாமி விபுலாநந்தர், பாணந்துறையைச் சேர்ந்த இளைஞர் ம. மு. உவைஸை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் ஆற்றுப்படுத்தினார். ஓர் இந்துத் துறவி ஒரு முஸ்லிம் மாணவனிடம் உன் முன்னோரின் நூல்களைப் படி என்றார். மாணவர் படித்தார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்புப் பற்றிய அவரது ஆங்கில ஆய்வு 1953இல் நூலானது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்வரை சென்று, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். முஸ்லிம் புலவர்கள் பாடியது ஏதோ சில முனாஜாத்துக்கள் என்றிருந்த தமிழ்த்துறைகளின் எண்ணம் அவரால் மாறியது. எம்மவரின் எண்ணமும்தான். இந்த நூல்களில் எமக்கென்ன இருக்கிறது, அரபுச் சொற்களை வைத்துக் கட்டிய பழம்பாட்டு என்று எமக்குள்ளேயே இளக்காரம் பேசியவர்கள் குறைவா?

விபுலாநந்தர் 1947இலேயே மறைந்துவிட்டார். மாணவர் போய்ச் சேர்ந்த தூரத்தை அவர் பார்க்கவில்லை. பிள்ளையவர்களும் சிந்தாமணி அச்சில் வந்ததைப் பார்க்கவில்லை.

'என் சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. 1942 ஏப்ரலில் சாமிநாதையர் காலமானபோது, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. எஞ்சிய நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளை எழுத அவருக்குத் தவணை கிடைக்கவில்லை. ஆசிரியரின் சரித்திரத்தை மட்டும் எட்டு ஆண்டுகள் முன்னதாகவே இரண்டு பாகங்களிலும் எழுதி முடித்திருந்தார்.